ஓய்வுபெற்ற படைவீரர்கள் அறப்பணிக்காக நெடுந்தூரம் பைக் ஓட்டுவது ஏன்? அந்தப் பெட்ரோல் செலவையும் சேர்த்து நேராக அனுப்பிவிடலாமே?

நானும் அப்படி ஓட்டுகிறவன் என்பதால் எழுதுகிறேன். மதராஸ் ரெஜிமெண்ட்டில் 24 ஆண்டுகள் இருந்து ஹவில்தாராக ஓய்வு பெற்றேன். ஊர் வேலூர் பக்கம். தெருவுக்கு நாலு பட்டாளத்து வீடு உண்டு.

நேராக அனுப்புவது நல்லதுதான், அனுப்புங்கள். டிசம்பர் 7 கொடிநாளுக்கு மட்டும் காத்திருக்க வேண்டாம்; மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் எந்த நாளும் கேட்கலாம். ஆனால் இத்தனை பட்டாளத்து வீடுகள் உள்ள எங்கள் ஊரிலேயே, முதுகுத்தண்டு முறிந்த ஜவான்கள் எங்கே இருக்கிறார்கள் என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் இல்லை. நானும் பணியில் இருந்தவரை பெயரளவில்தான் அறிந்திருந்தேன்.

புனேயை ஒட்டிய கட்கியில் அவர்களுக்கென ஒரு மறுவாழ்வு மையம் இருக்கிறது. பட்டாளத்தில் கிர்க்கி என்போம். எங்கள் ஊரைக் கடக்கும் தேசிய நெடுஞ்சாலை 48தான் கிருஷ்ணகிரி, பெங்களூரு, ஹுப்பள்ளி, கோலாப்பூர் வழியாகப் புனேக்குப் போகிறது. ஆயிரம் கிலோமீட்டருக்குச் சற்று மேல். புல்லட்டில் இரண்டு நாளில் போய்விடுவேன். போக வர பெட்ரோலுக்கு ஆறாயிரம் ரூபாய் அளவில் ஆகும். அது என் பென்ஷனிலிருந்து. நன்கொடை தருபவர்கள் மையத்தின் கணக்கிலேயே செலுத்திவிடுவார்கள், ரசீதும் அவர்களுக்கே வரும். என் கையில் ஒரு ரூபாய்கூட வாங்குவதில்லை. வண்டியில் கொடி கட்டிக்கொண்டு உண்டியல் நீட்டுகிறவர் யாராக இருந்தாலும் முதலில் ரசீதைக் கேளுங்கள்.

முதல் முறை போனபோது நடந்ததைச் சொல்கிறேன். வாசலில் வண்டியை நிறுத்தியதும் சக்கர நாற்காலியில் ஒருவர் வந்தார். மலைப்பாதையில் லாரி உருண்டதில் இடுப்புக்குக் கீழே உணர்வு போனவர். அதற்குமுன் யூனிட்டில் வண்டி மெக்கானிக். அவர் என்னைப் பார்க்கவில்லை. நாற்காலியில் இருந்தால் வண்டியின் செயின் கைக்கெட்டும் உயரத்தில்தான் இருக்கிறது. ஒரு விரலால் அதை மேலே தூக்கிப் பார்த்தார். "தம்பி, இவ்வளவு தொய்வாக விட்டுக்கொண்டா ஆயிரம் கிலோமீட்டர் வந்தீர்கள்?" என்றார். பின்சக்கர நட்டைத் தளர்த்தச் சொன்னார். இரண்டு பக்கமும் ஒரே அளவு திருப்பும்படி சொல்லச் சொல்ல நான் திருப்பினேன். சக்கரத்தைச் சுழற்றவைத்து, நாலு இடத்தில் செயினைத் தொட்டுப் பார்த்த பிறகுதான் "சாப்பிட்டீர்களா?" என்று கேட்டார்.

அன்று மாலை அவர் பேசியதில் பெரும்பங்கு படுக்கைப்புண் பற்றித்தான். உணர்வில்லாத உடம்பில் அழுத்தம் தெரியாது, புண் வந்த பிறகுதான் தெரியும். அதனால் தானாகத் திரும்ப முடியாதவர்களை இரவிலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். வரும் வழியில் முதுகு வலித்ததால் நானும் இரண்டு மணிக்கொருமுறை இறங்கி நின்றிருந்தேன். எனக்கு வலி வந்தது, இறங்கினேன். அவர்களுக்கு அந்த வலியே வராது. ஊரில் யாரிடம் நன்கொடை கேட்டாலும் இதைத்தான் சொல்கிறேன். உடம்பில் அழுத்தத்தைக் குறைக்கும் காற்று மெத்தை எதற்கு என்று அதன்பின் ஒருவரும் கேட்பதில்லை.

வாயில் தூரிகையைக் கவ்வி ஓவியம் தீட்டுபவர்களும் அங்கே இருக்கிறார்கள். வரைந்துகொண்டிருக்கும்போது பின்னால் நின்று பேச்சுக் கொடுக்காதீர்கள். பதில் சொல்லத் தூரிகையை வைத்துவிட்டுத்தான் பேச வேண்டும்.

நீங்களும் கிளம்புவதாக இருந்தால் மையத்துக்கு முன்கூட்டியே எழுதி அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். இருட்டிய பிறகு ஓட்டாதீர்கள். கூட்டமாகப் போய்ப் படம் எடுத்துவிட்டு அரை மணியில் திரும்புவதாக இருந்தால் போகவே வேண்டாம். ஒரு முழு நாளை அங்கே ஒதுக்குங்கள்.

நான்கு முறை போய்விட்டேன். ஒவ்வொரு முறையும் அவர் முதலில் செயினைத்தான் தொட்டுப் பார்க்கிறார். கிளம்புவதற்கு முந்தைய நாள் நானே இறுக்கி வைத்துவிடுகிறேன், ஆனாலும் கால் சுற்றாவது திருப்பச் சொல்கிறார்.