வெள்ளை பெல்ட்டும் பத்தொன்பது வயதுப் பையனும்

கேள்வி: எனக்கு வயது 38. மொரீஷியஸின் கியூர்பிப்பில் குடும்பத்துடன் வசிக்கிறேன். எபேனில் ஒரு நிறுவனத்தில் கணக்கு வேலை. ஒன்றரை வருடமாக வாரம் இரண்டு மாலை, எதிராளியைத் தரையில் மடக்கிப் பணிய வைக்கும் பிரேசிலிய ஜுஜுட்சு பழகுகிறேன். ஆறு மாதத்துக்கு முன் சேர்ந்த 19 வயதுப் பையன் சில நிமிடங்களிலேயே என்னை மடக்கி, தோற்றேன் என்று கையால் தட்ட வைத்துவிடுகிறான். பக்கவாட்டில் அமுக்கிப் பிடித்தால் முன்பெல்லாம் மூச்சு முட்டிப் பதறுவேன், இப்போது அந்தப் பதற்றம் இல்லை, அவ்வளவுதான். இன்னும் வெள்ளை பெல்ட்தான். என் கழுத்து வலியைப் பார்த்து மனைவி, “இந்த வயதில் இது தேவையா?” என்கிறார். சென்ற தைப்பூச விரதத்துக்காக நிறுத்தியபின் பழைய நிலைக்குத் திரும்ப ஒரு மாதம் பிடித்தது. விட்டுவிடலாமா?

பதில்: தம்பி, விடாதீர்கள்.

பதற்றம் இல்லை, அவ்வளவுதான் என்று ஒரு வரியில் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டீர்கள். நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதிலே அந்த வரியில்தான் இருக்கிறது. எண்பது கிலோ ஆள் நெஞ்சின்மீது படுத்து அமுக்கும்போது புதிதாக வந்தவர் என்ன செய்வார்? மூச்சை அடக்கிக்கொள்வார், இரு கைகளையும் நீட்டி மேலே தள்ளுவார். நீட்டிய கை எதிராளிக்கு நாமே எடுத்துக் கொடுக்கும் கை. முழங்கையை மடக்கிப் பூட்டுப் போட அதுவே போதும். ஒரு நிமிடத்தில் பலமும் தீர்ந்துவிடும். அந்த நிலையிலிருந்து வெளியே வர ஒருக்களித்துத் திரும்ப வேண்டும், முன்கையை அவருடைய கழுத்துக்கும் இடுப்புக்கும் எதிரே அண்டை கொடுக்க வேண்டும், இடுப்பைப் பின்னே நகர்த்தி அந்த இடைவெளியில் முழங்காலை நுழைக்க வேண்டும். இவை எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்துவிடலாம். ஆனால் அமுக்கப்பட்ட நிலையில் சீராக மூச்சுவிடுவதை யாரும் சொல்லிக்கொடுக்க முடியாது. நூறு தடவை அடியில் கிடந்துதான் அது வரும். உங்களுக்கு வந்திருக்கிறது. மாதக் கடைசியில் கணக்கு முடிக்கும் நாட்களில், மேலதிகாரி குரலை உயர்த்தும்போது, உங்கள் தோள்கள் முன்புபோல் இறுகுகின்றனவா என்று கவனித்துப் பாருங்கள்.

இனி அந்தப் பையன். அவனுக்கு வயது இருக்கிறது, இன்றைய களைப்பு நாளை காலைக்குள் போய்விடும் உடல் இருக்கிறது. சர்வதேச பிரேசிலிய ஜுஜுட்சுக் கூட்டமைப்பின் போட்டிகளில் 30 வயதுக்கு மேல் மாஸ்டர் பிரிவு. 36 முதல் 40 வரை அதிலேயே தனிப் பிரிவு. எடைக்கும் பெல்ட்டுக்கும் வேறு தனித்தனிப் பிரிவுகள். போட்டி விதியே உங்கள் வயதுக்குத் தனிப் பிரிவு வைத்திருக்கும்போது, நீங்களாக உங்களை அவனோடு மோதவிட்டு ஏன் மனம் நோகிறீர்கள்?

சிறிய உடல் பெரிய உடலை வெல்லும் கலை என்று கேள்விப்பட்டுத்தான் நீங்களும் சேர்ந்திருப்பீர்கள். அது பொய்யில்லை. 1993 நவம்பரில் அமெரிக்காவின் டென்வர் நகரில், பல கலைக்காரர்கள் மோதிய முதல் யு.எஃப்.சி. போட்டியில் ராய்ஸ் கிரேசி தன்னைவிட எடை கூடிய மூவரை ஒரே இரவில் பணிய வைத்தார். ஆனால் அவர் அந்தக் கலையைக் கற்பித்த குடும்பத்தில் பிறந்து வளர்ந்தவர். எதிரே நின்றவர்களில் தரைச் சண்டையே பழகாத குத்துச்சண்டைக்காரரும் இருந்தார். அந்தப் பத்தொன்பது வயதுப் பையனோ நீங்கள் கற்பதையே, அதே கூடத்தில், அதே ஆசிரியரிடம் கற்கிறான். இருவருக்கும் நுட்பம் ஒன்றாக இருக்கும்போது இளமையும் பலமும் எடுபடத்தான் செய்யும்.

பெல்ட்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். வெள்ளை, நீலம், ஊதா, பழுப்பு, கறுப்பு என்று கறுப்பு வரை பெரியவர்களுக்கு ஐந்தே நிறங்கள். கூட்டமைப்பின் விதிப்படி நீலத்தில் குறைந்தது 2 ஆண்டு, ஊதாவில் ஒன்றரை, பழுப்பில் ஒன்று. கறுப்பு வரை போகிறவர்களில் பலருக்குப் பத்தாண்டு ஆகிறது. வாரம் இரண்டு நாள் வருகிறவர் ஒன்றரை வருடத்தில் வெள்ளையில் இருப்பது தாமதமே அல்ல. ஆசிரியரிடம் பெல்ட் எப்போது என்று கேட்க வேண்டாம். “என்னிடம் எது முதலில் உடைகிறது?” என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்கு நல்ல ஆசிரியர் உடனே பதில் சொல்வார்.

அடுத்த இரண்டு மாதத்துக்கு ஒரே ஒரு நிலையை எடுத்துக்கொள்ளுங்கள். பக்கவாட்டுப் பிடிதான் உங்களுக்குப் பொருத்தம், ஏனென்றால் அங்கே உங்களுக்கு ஏற்கெனவே அமைதி கிடைத்துவிட்டது. பயிற்சிச் சண்டையை நின்ற நிலையிலிருந்து தொடங்காமல், அடியில் படுத்த நிலையிலிருந்தே தொடங்கச் சொல்லிக் கேளுங்கள். அந்தப் பையனிடமே கேளுங்கள், அவனுக்கும் அது நல்ல பயிற்சி. எத்தனை முறை தட்டினோம் என்று எண்ண வேண்டாம். முழங்காலை எத்தனை முறை உள்ளே நுழைத்தோம் என்பதை மட்டும் எண்ணுங்கள். வீட்டுக்குப் போனதும் இரண்டு வரி குறித்து வையுங்கள்: எங்கே மாட்டினேன், அடுத்த முறை எந்தக் கையை முதலில் வைப்பேன். இரவு நேரத்தில் புதுப் புதுப் பூட்டுகளை வீடியோவில் தேடிப் பார்க்கும் பழக்கம் இருந்தால், இந்த இரண்டு மாதமும் அதை நிறுத்திவையுங்கள். வெள்ளை பெல்ட்காரர்களைக் குழப்புவது பெரும்பாலும் அதுதான்.

உங்கள் மனைவியின் கவலையில் எனக்குப் பாதிக்கு மேல் உடன்பாடு. கழுத்து விளையாட்டல்ல. கழுத்து நெரியும் முன்பே, மூட்டு வலிக்கும் முன்பே தட்டிவிடுங்கள். கழுத்தின் இருபக்கமும் ரத்த ஓட்டம் தடைபட்டால் சில நொடிகளில் நினைவு தப்பிவிடும். எதிராளி உங்கள் கால்களைத் தலைப்பக்கம் மடித்து அமுக்கி, கழுத்தில் பாரம் இறங்கும்போது வீம்பு பிடிக்காதீர்கள். வலி கைக்கு இறங்கினாலோ விரல்கள் மரத்தாலோ, பயிற்சியை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போங்கள். எதற்கெல்லாம் தட்டுவீர்கள் என்பதை மனைவியிடம் விளக்கிச் சொல்லுங்கள். ஒரு மாலை அவரையும் கூடத்துக்கு அழைத்துப் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். கணவர் தட்டியதும் எதிராளி அந்தக் கணமே விட்டுவிடுவதைக் கண்ணால் பார்த்தால் பாதி பயம் குறையும். கியூர்பிப் மழைக்கு கிமோனோ என்ற பயிற்சி உடை காய்வது கடினம்; இரண்டாவது ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். ஈரத் துணியில் வரும் படர்தாமரை வீட்டுப் பிள்ளைகளுக்கும் ஒட்டும்.

கடைசியாக விரதம். முருகனுக்காக எடுத்த விரதத்தையும் பயிற்சியையும் ஒன்றுக்கொன்று எதிரியாக்க வேண்டாம். அந்தப் பத்து நாட்களில் சண்டைப் பயிற்சியை மட்டும் விடுங்கள். உடல் இடம் கொடுத்தால் கூடத்துக்குப் போய் இடுப்பு நகர்த்தலையும் நுட்பங்களையும் மெதுவாகச் செய்யுங்கள், தண்ணீரைக் குறைக்காதீர்கள். தலை சுற்றினால் ஓரமாக உட்கார்ந்து பாருங்கள், அதுவும் பாடம்தான். காவடி முடிந்த மறுநாளே பாயில் இறங்கிவிடாதீர்கள். வெறுங்காலோடு சுடு தார்ச்சாலையில் நடந்த பாதமும் அலகு குத்திய இடமும் முழுவதும் மூடி ஆறிய பிறகே மற்றவர் உடலோடு உரசும் பயிற்சி. திறந்த புண்ணோடு போனால் உங்களுக்கும் ஆபத்து, உங்களோடு பழகுகிறவருக்கும் ஆபத்து. திரும்பிய முதல் இரண்டு வாரம் பாதி வேகத்தில் செய்யப்போவதாக ஆசிரியரிடம் விரதம் தொடங்கும் முன்பே சொல்லிவையுங்கள்.