ஃபைலைச் சுருக்கியும் டைம்லைன் திக்குவது ஏன்?

கேள்வி: 4கே வீடியோ எடுக்கிறேன். ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி வருகிறது. டாவின்சி ரிசால்வ் எடிட்டிங் மென்பொருளில் போட்டால் டைம்லைன் (கிளிப்களை அடுக்கி வெட்டும் பட்டை) நகரவே மாட்டேன் என்கிறது. ஹேண்ட்பிரேக் என்ற சுருக்கும் மென்பொருளில் 10 ஜிபியாகச் சுருக்கியும் பார்த்துவிட்டேன், அப்போதும் திக்கித் திக்கித்தான் ஓடுகிறது. புதுக் கம்ப்யூட்டர்தான் வழியா?

பதில்: பர்ஸைத் திறப்பதற்கு முன் ஒரு சின்னச் சோதனை. கீபோர்டில் எல் (L) விசையை அழுத்தி வீடியோவை முன்னால் ஓடவிடுங்கள். அப்புறம் ஜே (J) விசையை அழுத்திப் பின்னால் ஓட்டுங்கள். முன்னால் ஓரளவு ஓடி, பின்னால் வரும்போது படம் அப்படியே நின்றுவிடுகிறதா? அப்படியென்றால் ஃபைலின் எடை காரணமில்லை, அது சுருக்கப்பட்டிருக்கும் விதம்தான் காரணம்.

கணக்கும் அதையே சொல்கிறது. மணிக்கு 45 ஜிபி என்றால் நொடிக்குப் பன்னிரண்டரை எம்பி. பழைய ஹார்ட் டிஸ்க்கே இதை அலட்டிக்கொள்ளாமல் படித்துவிடும். திணறுவது பிராசஸர். எச்.264, எச்.265 என்ற இரண்டு சுருக்க முறைகளிலும் கேமரா பெரும்பாலும் ஒரு ஃபிரேமை (வீடியோவின் ஒரு தனிப் படத்தை) முழுதாகப் பதிந்துவிட்டு, அடுத்து வரும் ஃபிரேம்களில் மாறிய பகுதியை மட்டும் குறித்துக்கொள்கிறது. பதினான்காவது ஃபிரேமில் வெட்ட வேண்டுமென்றால், முதல் ஃபிரேமிலிருந்து கணக்குப் போட்டுக்கொண்டு வர வேண்டும். படம் பார்ப்பவர் ஒரே திசையில் போவதால் அவருக்கு இது தெரிவதில்லை. எடிட் செய்பவரோ முன்னும் பின்னும் தாவிக்கொண்டே இருப்பார். ஹேண்ட்பிரேக் தருவதும் இதே வகை ஃபைல்தான், தரம் போனதுதான் மிச்சம். (அசலை அழித்துவிடவில்லையே?)

இதற்கு வழி புராக்சி. அதாவது வெட்டி ஒட்டுவதற்கு மட்டும் ஒரு மாற்றுப் பிரதி. புராஜெக்ட் செட்டிங்ஸில் புராக்சி அளவை 'ஹாஃப்' என்று வையுங்கள், 4கே 1080பி ஆகிவிடும். வடிவம் விண்டோஸில் டிஎன்எக்ஸ்எச்ஆர் எல்பி, மேக்கில் புரோரெஸ் புராக்சி. மீடியா பூலில் கிளிப்களைத் தேர்ந்தெடுத்து, ரைட் கிளிக்கில் 'ஜெனரேட் புராக்சி மீடியா' கொடுத்துவிட்டுத் தூங்கப் போங்கள். இந்தப் பிரதி மணிக்கு ஏறக்குறைய 20 ஜிபி வரும். உங்கள் 10 ஜிபி ஃபைலைவிட இருமடங்கு பெரிது, ஆனாலும் வழுக்கிக்கொண்டு ஓடும். ஒவ்வொரு ஃபிரேமும் தனித்தனியாக முழுதாக இருக்கிறது, படத்தின் அளவும் 4கேயைவிடச் சிறிது.

கலர் கிரேடிங் (நிறத்தைச் சீராக்குவது), நாய்ஸ் குறைப்பு போன்றவற்றை அசலுக்கு மாறிச் செய்யுங்கள், புராக்சியில் பார்த்து முடிவெடுத்தால் ஏமாந்துவிடுவீர்கள். ரெண்டர் செய்யும்போது 'யூஸ் புராக்சி மீடியா' டிக் ஆகியிருக்கக் கூடாது. புராக்சி உருவாக்கிய பிறகு அசல் ஃபைல்களின் பெயரை மாற்றாதீர்கள். நான் ஒருமுறை நேர்த்தியாக அடுக்குகிறேன் என்று பெயர்களை மாற்றப்போய், ஒரு மாலை முழுக்க இணைப்புகளைத் தேடிக்கொண்டிருந்தேன்.

கேமராவிலேயே ஆல்-இன்ட்ரா முறையில், அதாவது ஒவ்வொரு ஃபிரேமையும் முழுதாகப் பதியும் முறையில், எடுத்தால் புராக்சி தேவைப்படாமல் போகலாம், ஆனால் பல கேமராக்களில் மணிக்கு 100 ஜிபியைத் தாண்டிவிடும். எனக்கென்னவோ அது கட்டுப்படியாகாது.

சரி, கம்ப்யூட்டர் வாங்கத்தான் போகிறீர்கள் என்றால், உங்கள் கேமரா 10-பிட் 4:2:2 எச்.265 (நிறத்தைக் கூடுதல் நுணுக்கமாகப் பதியும் வகை) எழுதுகிறதா என்று முதலில் பாருங்கள். விலை அதிகமான பல கிராஃபிக்ஸ் கார்டுகளுக்கே அந்தச் சுருக்கத்தை நேரடியாக விரிக்கத் தெரியாது. உள்ளமை கிராஃபிக்ஸ் கொண்ட இன்டெல் 11ஆம் தலைமுறையும் அதற்குப் பிந்தையவையும், ஆப்பிளின் எம்1 முதலான சிப்களும் விரிக்கும்.

அசல் ஹார்ட் டிஸ்க்கில் இருக்கட்டும், புராக்சியும் கேஷும் (ரிசால்வ் தற்காலிகமாக எழுதிவைக்கும் ஃபைல்கள்) எஸ்எஸ்டியில். வேலையை ஒப்படைத்ததும் புராக்சி ஃபோல்டரைத் தாராளமாக அழிக்கலாம், வேண்டுமானால் மறுபடி உருவாக்கிக்கொள்ளலாம். கேமராவின் மெமரி கார்டை மட்டும், அதிலுள்ள ஃபோல்டர்கள் அப்படியே முழுதாக இரண்டு இடங்களில் காப்பி ஆகியிருப்பதைத் திறந்து பார்க்காமல் ஃபார்மேட் செய்யாதீர்கள்.