கோரை திரும்பத் திரும்ப முளைக்குதே, அண்ணாச்சி!

கேள்வி: அண்ணாச்சி, வீட்டுக்குப் பின்னால மூணு சென்ட்ல வெண்டை, வழுதலை (கத்தரி), பயறு போட்டிருக்கேன். கோடை தொடங்கினதுலருந்து ஒரே கோரை, பறிச்சுப் போட்டு ரெண்டு நாள் கழிச்சுப் பாத்தா திரும்பவும் பச்சையா நிக்குது. கல்லுப்பு போட்டா செத்துரும்னு பக்கத்து வீட்டுல சொல்றாங்க, போடலாமா? (வாசகி, தக்கலை)

பதில்: தங்கச்சி, உப்பு மட்டும் போட்டுராதீங்க. கோரைத் தாள் கருகும், கிழங்கு அப்படியே கிடக்கும், மண்ணுல தங்குற உப்பு உங்க வெண்டை வேரைத்தான் கெடுக்கும்.

மம்பட்டியால அரை அடி கிளறிப் பாருங்க. கறுப்பா சின்னச்சின்ன கிழங்கு, நூல்ல கோத்த மாதிரி ஒண்ணுக்கொண்ணு பிடிச்சுக்கிட்டு கிடக்கும், நகத்தால கீறினா உள்ள வெள்ளையா இருக்கும், நல்ல வாசனை வரும். நீங்க இழுக்கும்போது தாள்தான் கையில வருது, கோத்தது அறுந்து சும்மா கிடந்த கிழங்கும் முளைக்குது, அதான் ஒண்ணு பறிச்ச இடத்துல நாலு நிக்குது.

வெயில் இருக்கிற இந்த நாள்களை விட்டுராதீங்க. காலியா கிடக்கிற பாத்தியில தண்ணி விடாம கொத்திப் புரட்டுங்க, மேல வந்த கிழங்கு வெயில்ல சுருங்கிரும், மிச்சத்தைப் பொறுக்கிருங்க, உரக்குழியில மட்டும் போடாதீங்க. இடவப்பாதி மழை, அதாவது தென்மேற்குப் பருவமழை இறங்கிட்டா எவ்வளவு கொத்தினாலும் ஈரத்துல துண்டுக்கிழங்கும் முளைச்சுரும்.

செடி நிக்கிற இடத்துல ஆழமா கொத்தக்கூடாது. ரெண்டு வாரத்துக்கு ஒருதரம் களைக்கொத்தியால மண்ணுக்குக் கொஞ்சம் கீழ வச்சு அறுத்துக்கிட்டே இருங்க, மூணு நாலு வாரம் விட்டா புதுக்கிழங்கு வச்சுரும், அதுக்கு முன்னாடி அறுத்தா பழைய கிழங்குல இருக்கிற சத்து தீரும். ஒரு கோடையில முடியாது தங்கச்சி, அடுத்த வருஷமும் விடாம செய்யணும். சருகும் கதம்பையும் (தேங்காய் உரிச்ச மட்டை) போட்டு மூடினா மத்த களை அடங்கும், ஈரமும் நிக்கும், ஆனா கோரை கூர்முனையால குத்திக்கிட்டு வெளிய வந்துரும். அதுக்கு நிழல்தான் ஆகாது, பயறை நெருக்கமா போட்டு மண்ணை மூட விடுங்க.

கேள்வி: வெண்டை இலையில நரம்பெல்லாம் மஞ்சளா ஓடுது, என்ன மருந்து அடிக்க? (வாசகர், திங்கள்சந்தை)

பதில்: அது வெள்ளை ஈ பரப்புற வைரஸ் தம்பி, வந்த செடிக்கு மருந்தே கிடையாது, இன்னைக்கே பிடுங்கி அப்புறப்படுத்துங்க. வேலியோரக் களையிலயும் அந்த ஈ குடியிருக்கும், அதையும் வெட்டிருங்க. அடுத்த தடவை இந்த நோயைத் தாங்குற ரகமா கேட்டு விதை வாங்குங்க.