மானியம் கையில் வராது. கடன் கணக்கில்தான் வரும்

கேள்வி: காங்கேயம் பக்கத்தில் ஒரு கிராமத்தில் இருக்கிறேன். பெண், வயது 34, பத்தாம் வகுப்பு படித்திருக்கிறேன், பிற்படுத்தப்பட்ட வகுப்பு. இரண்டு வருடமாகக் கொப்பரை வாங்கி, கூலிக்குச் செக்கில் ஆட்டி எண்ணெய் விற்கிறேன். உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவும் இருக்கிறது. சொந்தமாக மரச்செக்கு போட 8 லட்சம் ஆகும்: செக்கும் வடிகட்டும் இயந்திரமும் 4.5 லட்சம், கொட்டகை 1.5 லட்சம், கொப்பரை வாங்க 2 லட்சம். இயந்திரத்துக்கு 50,000 ரூபாய் முன்பணம் கொடுத்துவிட்டேன். ஒருவர் 12,000 கொடுத்தால் மானியம் வாங்கித் தருவதாகச் சொல்கிறார். கொடுக்கலாமா? ஊரில் வீட்டை ஒட்டிய இடத்தில் போடுவதா, டவுனில் வாடகைக்குப் பிடிப்பதா என்றும் குழப்பம்.

பதில்: 12,000 ரூபாயைக் கொடுக்காதீர்கள். விண்ணப்பத்துக்குக் கட்டணமே கிடையாது. மானியத்தை முடிவு செய்கிற இடத்தில் அந்த ஆளுக்கு எந்த வேலையும் இல்லை. உங்களுக்குக் கடன் கொடுக்க வேண்டியது வங்கி. கடன் இல்லாமல் இந்த மானியம் இல்லை.

கணக்கைப் பார்த்தால் இது விளங்கும். உங்களைப் போன்றவர்கள் முதலில் பார்க்க வேண்டியது பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டம். ஊரில் பி.எம்.இ.ஜி.பி. என்பார்கள். இது மத்திய அரசின் திட்டம். கதர் கிராமத் தொழில்கள் ஆணையம், காதி வாரியம், மாவட்டத் தொழில் மையம் ஆகியவை வழியாக நடக்கிறது. பெண் என்பதாலும் பிற்படுத்தப்பட்ட வகுப்பு என்பதாலும் நீங்கள் சிறப்புப் பிரிவு. கிராமப்புறத்தில் தொடங்கினால் திட்ட மதிப்பில், அதாவது தொழில் தொடங்க ஆகும் மொத்தச் செலவில், 35 சதவீதம் மானியம், உங்கள் கைப்பணம் 5 சதவீதம் போதும். 8 லட்சத்துக்கு நீங்கள் போட வேண்டியது 40,000. மீதி 7,60,000 ரூபாயையும் வங்கி கடனாகத்தான் கொடுக்கும். மானியத் தொகை 2,80,000 பிறகு அரசிடமிருந்து வங்கிக்கு வந்து, உங்கள் பெயரில் தனி வைப்பாக 3 ஆண்டு முடக்கப்படும். அந்த வைப்புக்கு வட்டி கிடையாது. கடனில் அதே அளவு தொகைக்கும் வங்கி வட்டி போடக்கூடாது. ஆக, மானியம் வந்து சேர்ந்த நாளிலிருந்து 4,80,000-க்கான வட்டிதான் உங்கள் பாரம். அதுவரை முழுத் தொகைக்கும் வட்டி ஓடும். அதனால் வைப்பு போட்ட ரசீதின் நகலைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பலர் இதைக் கேட்பதே இல்லை.

அடுத்து இடம். இங்கேதான் உங்கள் பணம் அதிகம் அடிபடும். கிராமமா நகரமா என்பதைத் தீர்மானிப்பது செக்கு நிற்கிற இடம். நீங்கள் குடியிருக்கும் வீடு எங்கே என்பது கணக்கில் வராது. காங்கேயம் நகராட்சி. அங்கே கடை பிடித்தால் 35 சதவீதம் 25 ஆகிவிடும். 8 லட்சத்துக்கு 80,000 ரூபாய் நஷ்டம், மாத வாடகை தனி. ஊராட்சி எல்லைக்குள் இருக்கும் உங்கள் சொந்த இடமே நல்லது. டவுனில் விற்பதற்கு ஒரு கடைக்காரரிடம் பாட்டிலை வைத்தால் போகிறது. இடம் மாமனார் பெயரில் இருந்தால், அவர் உங்களுக்கு எழுதிக் கொடுத்த ஒப்பந்தம் கடன் தவணைக் காலம் முழுதும் செல்லும்படி இருக்க வேண்டும். தவணை 3 முதல் 7 ஆண்டு வரை போகும். 11 மாத வாடகைப் பத்திரத்தைக் கொண்டுபோனால் வங்கி மேலாளர் அதிலேயே நிறுத்திவிடுவார். நிலத்தின் விலையைத் திட்ட மதிப்பில் சேர்க்க முடியாது.

உங்கள் கடிதத்தில் யோசிக்க வைப்பது அந்த உணவுப் பாதுகாப்புப் பதிவு. பி.எம்.இ.ஜி.பி. புதுத் தொழிலுக்கு மட்டும். கூலிக்கு ஆட்டி விற்றதை ஏற்கெனவே நடக்கும் தொழில் என்று அதிகாரி எடுத்துக்கொள்ளலாம், எடுத்துக்கொள்ளாமலும் இருக்கலாம். பதிவை மறைத்து விண்ணப்பிக்க வேண்டாம். பின்னால் ஆய்வில் வெளிவந்தால் மானியம் திரும்பப் போகும். விண்ணப்பிக்கும் முன்பே மாவட்டத் தொழில் மையத்தில் பதிவின் நகலைக் காட்டிக் கேட்டுவிடுங்கள்.

முடியாது என்றால் மாற்று வழி இருக்கிறது. நடக்கிற குறு உணவுத் தொழில்களை மேம்படுத்தவே 2020-ல் வந்தது பிரதமரின் குறு உணவுப் பதப்படுத்தும் தொழில்களை முறைப்படுத்தும் திட்டம், சுருக்கமாக பி.எம்.எஃப்.எம்.இ. இதிலும் 35 சதவீதம், உச்ச வரம்பு 10 லட்சம். ஆனால் கைப்பணம் குறைந்தது 10 சதவீதம். மானியம் இயந்திரத்துக்கும் கொட்டகைக்கும்தான். கொப்பரை வாங்கும் 2 லட்சத்துக்கு இல்லை. கட்டட வேலை 30 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். உங்களுக்கு 6 லட்சத்தில் 1.5 லட்சம், அதாவது 25 சதவீதம் என்பதால் சிக்கல் இல்லை. மானியம் 2,10,000 வரும். முந்தையதைவிட 70,000 குறைவுதான். ஆனாலும் இரண்டு வருட விற்பனைக் கணக்கு இதில் உங்களுக்குப் பலமாக நிற்கும், தடையாகாது. திட்ட அறிக்கை எழுத உதவ மாவட்டத்துக்கு வள நபர்கள் உண்டு. அவர்களுக்கான ஊதியத்தை அரசே தருகிறது. இரண்டு திட்டத்திலும் ஒரே இயந்திரத்துக்கு மானியம் வாங்க முடியாது. பி.எம்.இ.ஜி.பி.யில் கணவன், மனைவி இருவரில் ஒருவருக்குத்தான் கிடைக்கும்.

முன்பணம் கொடுத்ததில் அவசரப்பட்டுவிட்டீர்கள். ஒப்புதலுக்குப் பிறகு வங்கி இயந்திரக்காரருக்கே நேரடியாகப் பணம் அனுப்பும். அதற்கு முன்னால் பில் போட்டு இறக்கிய இயந்திரம் திட்டத்தில் சேராது. எனவே இயந்திரக்காரரிடம் இப்போதைக்கு முன்பண ரசீது மட்டும் போதும், பில்லும் வேண்டாம், டெலிவரியும் வேண்டாம் என்று சொல்லுங்கள். அந்த 50,000-ஐ உங்கள் பங்காக ஏற்பதா என்பது மேலாளர் கையில் இருக்கிறது. ரசீதோடு போய்க் கேளுங்கள். கொட்டேஷனில் ஜி.எஸ்.டி. எண், இயந்திரத்தின் திறன், மோட்டாரின் குதிரைத்திறன், வரி தனியாக, விலை தனியாக இருக்க வேண்டும். வெள்ளைத் தாளில் எழுதிய கொட்டேஷன் செல்லாது.

திட்ட அறிக்கையை ஜெராக்ஸ் கடையில் ஆயத்தமாகக் கிடைப்பதை வாங்கி ஒட்டாதீர்கள். எத்தனை செக்கு விண்ணப்பம் பார்த்தவர் அந்த மேலாளர்! கொப்பரையில் எண்ணெய்ச் சத்து சுமார் 65 சதவீதம். செக்கில் அத்தனையும் இறங்காது, கொஞ்சம் புண்ணாக்கில் தங்கிவிடும். 100 கிலோவுக்கு 70 கிலோ எண்ணெய் என்று எழுதியிருந்தால் அறிக்கை அங்கேயே பொய்யாகிவிடும். இரண்டு வருடமாக நீங்கள் ஆட்டிய கணக்கு நோட்டில் இருக்குமே, அந்த எண்ணையே எழுதுங்கள். புண்ணாக்கு விற்ற வருமானத்தை விட்டுவிடாதீர்கள். கொங்கு நாட்டில் அதை வாங்க மாட்டுக்காரர்கள் காத்திருப்பார்கள். கொப்பரை விலை ஏறினால் 2 லட்சம் எத்தனை மூட்டைக்குப் போதும் என்பதையும் ஒரு வரி சேருங்கள். தொழில் இணைப்புக்கான மின் செலவையும் போடுங்கள்; வீட்டு இணைப்பில் செக்கு ஓட்டப்போவதாகக் காட்டக்கூடாது.

பி.எம்.இ.ஜி.பி. விண்ணப்பம் ஆன்லைனில். ஆதார், பான், புகைப்படம், கல்விச் சான்று, சாதிச் சான்று, இடம் கிராமப்புறம் என்பதற்கான சான்று, திட்ட அறிக்கை, கொட்டேஷன் வேண்டும். உற்பத்தித் தொழிலில் 10 லட்சத்துக்கு மேல் போனால்தான் எட்டாம் வகுப்புத் தேர்ச்சி கட்டாயம். உங்களுக்கு அந்தக் கவலையே இல்லை. ஆதாரில் உள்ள பெயரும் சாதிச் சான்றில் உள்ள பெயரும் இனிஷியல் உட்பட ஒன்றாக இருக்கிறதா பாருங்கள். தகப்பனார் இனிஷியல் ஒன்றிலும் கணவர் இனிஷியல் இன்னொன்றிலும் இருப்பது பெண்களின் விண்ணப்பத்தில் அடிக்கடி வரும் தடங்கல்.

வங்கிக் கிளையை விண்ணப்பத்தில் நீங்களே குறிப்பிட வேண்டும். அதற்கு முன்பே கிளைக்குப் போய், மேலாளர் மனதை அறிந்து வாருங்கள். மகளிர் குழுக் கடன், நகைக் கடன் எதிலாவது பாக்கி இருந்தால் உங்கள் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையில் தெரியும். முதலில் அதைக் கட்டி முடியுங்கள். உங்கள் கடன் 10 லட்சத்துக்குள் இருப்பதால் சொத்து அடமானம் கேட்கக் கூடாது. கேட்டாலோ, வாய்மொழியாக 'இல்லை' என்றாலோ, காரணத்தை எழுத்தில் கேளுங்கள். அடுத்துப் போக வேண்டிய இடம், மாவட்டத்தின் வங்கிகளை ஒருங்கிணைக்கும் மாவட்ட முன்னோடி வங்கி மேலாளர்.

ஒப்புதல் வந்தால் தொழில்முனைவோர் பயிற்சி எடுக்க வேண்டும். 5 லட்சத்துக்கு மேற்பட்ட திட்டத்துக்கு 10 நாள். சான்றிதழ் இல்லாமல் மானியம் வராது. கொப்பரை வாங்கும் அந்த 2 லட்ச நடைமுறை மூலதனம் ரொக்கக் கடனாக (ஒரு வரம்புக்குள் வேண்டியபோது எடுத்துக் கட்டும் கடன்) வந்தால் அதைத் தொடாமல் வைத்திருக்கவும் கூடாது: மூன்று ஆண்டுக்குள் ஒரு முறையாவது முழு வரம்பையும் தொட வேண்டும், மொத்தத்தில் பயன்பாடு 75 சதவீதத்துக்குக் குறையக்கூடாது. சிக்கனமாக இருந்தவர்களும் இதில் மாட்டிக்கொள்கிறார்கள். மூன்றாம் ஆண்டு முடிவில் நேரில் வந்து பார்ப்பார்கள். செக்கு ஓட வேண்டும், வாசலில் திட்டத்தின் பெயர்ப் பலகை இருக்க வேண்டும், கொள்முதல் பில்லும் விற்பனைக் கணக்கும் கையில் இருக்க வேண்டும். அதன்பிறகே 2,80,000 கடனில் கழியும்.

இந்தத் திட்டங்களுக்கு ஆண்டுதோறும் மாவட்ட இலக்கு உண்டு. மார்ச் நெருங்கும்போது இலக்கு முடிந்தது என்று சொல்லும் கிளைகள் அதிகம். முதல் வேலையாக மாவட்டத் தொழில் மையத்துக்குப் போய் இந்த ஆண்டு இலக்கில் இடம் இருக்கிறதா என்று கேளுங்கள். உணவுப் பாதுகாப்புப் பதிவின் நகலும் முன்பண ரசீதும் அன்றே பையில் இருக்கட்டும்.