தாத்தா காலத்து நியாயம்

அன்புள்ள ஐயா,

எங்கள் ஊர் மன்னார்குடி பக்கம். தாத்தா மிராசுதார். பண்ணையாட்களுக்குச் சவுக்கடி கொடுத்ததையும் சாணிப்பால் புகட்டியதையும் கொடுமை என்று எழுதியிருந்தீர்கள். அன்றைக்கு அது ஊர் வழக்கம், யாருக்கும் தப்பாகத் தோன்றவில்லை. சரி, தப்பு என்பதெல்லாம் அந்தந்தச் சமூகம் வகுத்துக்கொள்வதுதானே? இன்றைய அளவுகோலை வைத்து அவர்களை அளக்கலாமா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

யாருக்கும் தப்பாகத் தோன்றவில்லை என்கிறீர்கள். கரைத்த சாணியை வாயில் ஊற்ற ஊற்ற விழுங்கியவரை அந்தக் கணக்கில் சேர்த்தீர்களா? 1943இல் தென்பரையில் விவசாயிகள் சங்கம் வைத்தார்கள். அடுத்த வருஷமே மன்னார்குடியில் ஒப்பந்தம் போட்டு இரண்டு தண்டனைகளையும் நிறுத்த வைத்தார்கள். அந்தச் சங்கத்தைக் கட்டிய கம்யூனிஸ்ட் தலைவர் பி. சீனிவாசராவ் கன்னடக்காரர், வெளியிலிருந்து வந்து தூண்டிவிட்டார் என்று நீங்கள் சொல்லலாம். முதுகில் விழுந்த அடி அநியாயம் என்று யாரும் வந்து சொல்லித்தர வேண்டியதில்லை.

வழக்கம்தான் நியாயம் என்றால், வழக்கத்தை எதிர்க்கிற எவரும் தப்பு செய்கிறவராகத்தான் இருக்க முடியும். மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் இதே டெல்டாக்காரர். தேவதாசி முறையை உள்ளேயிருந்து பார்த்து, அதை எதிர்த்தே வாழ்ந்தவர். பெண்களைக் கோயிலுக்கு நேர்ந்துவிட்டுப் பொட்டுக்கட்டுவதைத் தடுக்கும் சட்டம் 1947இல் வந்தது. உங்கள் வாதப்படி, ஊர் ஒப்புக்கொள்ளும் வரை அந்த அம்மாள் சொன்னது தப்பு, ஒப்புக்கொண்ட மறுநாள் அதே பேச்சு சரி. எனக்கு இது செரிக்கவில்லை.

ஊருக்கு ஊர் மாறுவதும் நிறைய இருக்கிறது, மறுக்கவில்லை. புதைப்பதா எரிப்பதா என்பதில் பொதுவான சரி, தப்பு எதுவும் கிடையாது. அக்காள் மகளைக் கட்டுவது இங்கே பல குடும்பங்களில் முறை, வடக்கே பலரால் நினைத்துக்கூடப் பார்க்க முடியாது. இரண்டு வகையையும் எப்படிப் பிரிப்பது? அந்த வழக்கத்தின் சுமை யார் தலையில் விழுகிறது, அவரால் வேண்டாம் என்று சொல்ல முடிந்ததா என்று நான் பார்ப்பேன். அக்காள் மகளால் வாய் திறக்க முடியாத வீடு என்றால் அந்தக் கல்யாணமும் சவுக்கடியோடுதான் சேரும்.

தாத்தாவை எடைபோடுவது வேறு விஷயம். செய்தது தப்பு என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அவர்மேல் எவ்வளவு பழி போடலாம் என்பதில் உண்டு. பிறந்ததிலிருந்து அதையே பார்த்து வளர்ந்தவருக்குக் கொஞ்சம் தள்ளுபடி தரலாம். 1944க்கு அப்புறமும் அவர் கையில் சவுக்கு இருந்ததா என்று வீட்டுப் பெரியவர்களிடம் விசாரியுங்கள். இருந்திருந்தால் அந்தத் தள்ளுபடியும் கிடையாது.

அன்புடன்.