நம்பும்படியான கற்பனை பிரிட்டிஷ் கட்சியை உருவாக்குவது எப்படி?

மாற்று வரலாற்றுக் கதைக்கு ஒரு பிரிட்டிஷ் கட்சி வேண்டும், எங்கே தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். பெயரும் கொடியும் அப்புறம். முதலில் உண்மையில் நடந்த ஒரு பிளவைப் பிடியுங்கள். எனக்குப் பிடித்தது 1981. லேபர் கட்சியின் முன்னாள் அமைச்சர்கள் நால்வர் பிரிந்து சமூக ஜனநாயகக் கட்சியைத் தொடங்கினார்கள். 1983 தேர்தலில் லிபரல்களோடு சேர்ந்து சுமார் 25 சதவீத வாக்கு வாங்கியும் கிடைத்தவை 23 இடங்கள்தான். ஏறக்குறைய 28 சதவீதம் வாங்கிய லேபருக்கோ 209! தொகுதியில் அதிக வாக்கு பெறுபவரே வெற்றி என்ற முறை, பரவிக் கிடக்கும் ஆதரவை இப்படித்தான் விழுங்கும். அதனால் உங்கள் கட்சிக்கு ஒரு கோட்டை அவசியம்: வேல்ஸ் சுரங்கப் பகுதியோ, கார்ன்வாலோ. பிறகு ஒரே ஒரு நிகழ்வை மாற்றுங்கள். 1982இல் அர்ஜென்டினாவுடனான பாக்லாந்து போர் நடக்கவே இல்லை என்றால், 1983இல் கன்சர்வேட்டிவ் பிரதமர் தாட்சருக்கு விழுந்த வாக்குகளில் எத்தனை வேறு கட்சிகளுக்குப் போயிருக்கும்? தொகுதிவாரியாகக் கணக்குப் போட்டுப் பாருங்கள்.