ஓடாதவனுக்கு எதற்கு விசிறி?

கேள்வி: சிவராத்திரிக்குக் காவி உடுத்து, விசிறியோடு பன்னிரண்டு சிவன் கோயில்களுக்கு ஓடிப் போகிற சிவாலய ஓட்டத்தில் இப்போது பைக்கிலும் வேனிலும் வருகிற கூட்டம்தான் கண்ணில் படுகிறது. ஓடாதவனுக்கு எதற்குக் காவி, எதற்கு விசிறி? அன்று ஒரு நாள் வண்டிகளைத் தடை செய்தால் என்ன? அதோடு, சிவராத்திரிக்குச் சிவன் கோயிலில் போய் 'கோவிந்தா, கோபாலா' என்று கூப்பிடுவது முரண் இல்லையா? (வாசகர், கருங்கல்)

பதில்: கடைசியில் கேட்டதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். முரண்தான். ஆனால் அந்த முரண் இல்லாவிட்டால் ஓட்டமே கிடையாது.

கதை நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் எல்லாருக்கும் தெரிந்ததுதான், இருந்தாலும் நீங்கள் கேட்டதால் சொல்கிறேன். தருமரின் யாகத்துக்காகப் புருஷாமிருகத்தைத் தேடிப் போகிறான் பீமன். அது பாதி மனிதன், பாதி மிருகம். சிவன் என்றால் உயிர், திருமால் பெயர் காதில் விழுந்தாலே ஆகாது. கிருஷ்ணன் பன்னிரண்டு ருத்ராட்சங்களைக் கையில் கொடுத்து அனுப்புகிறான். பீமன் போய் 'கோவிந்தா, கோபாலா' என்று கத்த, அது துரத்துகிறது. பிடிபடப் போகும் நேரத்தில் ஒரு ருத்ராட்சத்தைக் கீழே வைக்கிறான், அது லிங்கமாகிவிடுகிறது, புருஷாமிருகம் துரத்தலை விட்டுப் பூசைக்கு உட்கார்ந்துவிடுகிறது. பூசை முடிந்ததும் மறுபடி துரத்தல், மறுபடி ருத்ராட்சம். பன்னிரண்டாவது இடத்தில் பீமனின் ஒரு கால் புருஷாமிருகத்தின் எல்லைக்கு உள்ளே, ஒரு கால் வெளியே. வழக்கு தருமரிடம் போகிறது. தம்பி என்றும் பார்க்காமல், பாதி உடல் புருஷாமிருகத்துக்கே என்று அவர் தீர்ப்புச் சொல்கிறார். அப்புறம்தான் அரியும் அரனும் ஒன்று என்று அதற்குக் காட்டப்படுகிறது, பன்னிரண்டாவது கோயிலான திருநட்டாலத்தில் சங்கரநாராயணர் இருப்பது அதனால்தான் என்பார்கள். ஓடுகிறவர்களைக் கோவிந்தன்மார் என்று நாம் கூப்பிடுவதும் இந்தக் கதையை வைத்துத்தான்.

சரி, வண்டிக்கு வருவோம். இந்தக் கதையில் ஓடுகிறவன் பீமன், உயிருக்குப் பயந்து ஓடுகிறான். பக்தி செய்தது யார்? கைக்கெட்டும் தூரத்தில் வந்த ஆளை விட்டுவிட்டுப் பூசைக்கு உட்கார்ந்ததே, அதுதானே! ஒரு தடவை இல்லை, ஒவ்வொரு லிங்கத்திடமும் அது நின்றது. நீங்கள் ஓட்டத்தை மட்டும் எண்ணுகிறீர்கள், நிற்பதை எண்ண மாட்டேன் என்கிறீர்கள்.

ஓடுகிறவர்களின் அருமையைக் குறைத்துச் சொல்வதாக நினைக்க வேண்டாம். முன்சிறை திருமலையில் முந்தின நாள் கிளம்பி, திக்குறிச்சி, திற்பரப்பு, திருநந்திக்கரை, பொன்மனை, பன்னிப்பாகம், கல்குளம், மேலாங்கோடு, திருவிடைக்கோடு, திருவிதாங்கோடு, திருப்பன்றிக்கோடு என்று சுற்றித் திருநட்டாலம் வருவதற்குள் 100 கிலோமீட்டருக்கு மேல் ஆகிவிடும், அதுவும் மாசி வெயிலில், வெறுங்காலில், தார் ரோட்டில். கடைசி இரண்டு கோயிலும் உங்கள் ஊர்ப் பக்கம்தான், அங்கே வந்து சேருகிற கால்களைப் பார்த்திருப்பீர்கள். ஆனால் அதற்காக மூட்டுவலிக்காரரும் கைக்குழந்தைக்காரியும் வீட்டிலேயே கிடக்க வேண்டும் என்று எந்தச் சிவன் சொன்னார்? வழியெல்லாம் வாசலில் அடுப்பு மூட்டிச் சுக்குநீரும் கஞ்சியும் மரச்சீனிக் கிழங்கும் (மரவள்ளி) கொடுக்கிறார்களே, அவர்களில் யாராவது 'நீ நடந்து வந்தாயா, வண்டியில் வந்தாயா' என்று விசாரித்துவிட்டா ஊற்றுகிறார்கள்?

தடை கேட்பதற்குப் பதிலாகக் கேட்க வேண்டியவை வேறு இருக்கின்றன. திற்பரப்பிலிருந்து பொன்மனை வரை ரப்பர்த் தோட்டங்களுக்கு நடுவே ராத்திரியில் ஓடுகிறவன் முகத்தில் ஹைபீம் அடித்து, முதுகுக்குப் பின்னால் ஹார்ன் அடித்துக்கொண்டு போகிற பைக்கை நிறுத்தச் சொல்லுங்கள், நானும் கையெழுத்துப் போடுகிறேன். குளத்துப் படிக்கட்டில் வெளிச்சம் போடச் சொல்லுங்கள், குளிக்க இறங்குகிறவன் வழுக்கி விழாமல் இருக்கட்டும். எத்தனை மணி நேரத்தில் முடித்தேன் என்று கோயில் வாசலிலேயே செல்பி எடுத்துப் போட்டுவிட்டு, உள்ளே கும்பிட்டும் கும்பிடாமலும் அடுத்த கோயிலுக்குப் பறக்கிறவர்களையும் ஒரு வார்த்தை கேளுங்களேன். அவர்கள் ஓடித்தான் வருகிறார்கள், வண்டியில் இல்லை.

காவியும் விசிறியும் எதற்கு என்றீர்கள். விசிறி சாமிக்கு வீச. அதன் நுனியில் தொங்கும் பைகளில் ஒன்று திருநீற்றுக்கு, இன்னொன்று வழிச்செலவுக் காசுக்கு. காவி, ஒவ்வொரு கோயிலிலும் முங்கிக் குளித்து ஈரத்தோடு உள்ளே போகிறவன் உடுத்துகிற துணி. ஆகவே திருநட்டாலத்தில் ஒருவர் காவி சொட்டச் சொட்ட நின்றால் எதில் வந்தார் என்று கேட்காதீர்கள். இஸ்திரி மடிப்புக் கலையாமல் நின்றால் தாராளமாகக் கேளுங்கள், ஓடி வந்தேன் என்று அவர் சொன்னாலும் விடாதீர்கள்.